மூடிய கிணற்றின் மேல் ஒரு ரயில்

கோபித்துக்கொண்ட நாளிலும் எனக்குச் சோறு போட மறக்காத ராமாத்தாளுக்கு,

எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஏர் பிடித்த கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. 'ழ' போடும்போது நாக்கும் கூடவே வளைகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன், ராமாத்தா! நான், ஆறுச்சாமி! வாசகசாலையில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். அங்குள்ள கையெழுத்துப் பத்திரிகையில் இதை ஒட்டப்போகிறார்களாம். ஊரே படிக்கட்டும். நீயும் எட்டிப் பார்.

மாரியம்மன் நோம்பிக்கு இந்த வருஷம் பொருட்காட்சி வந்திருக்கிறது. அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த நம் கீழ்வயலைத்தான் கேட்டார்கள். சந்தோஷமாகக் கொடுத்தேன். ராட்டினம் மட்டுமில்லை, ஒரு ரயிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். இரும்புக் கால்கள் மேல் தண்டவாளம். பனை உயரத்துக்கு ஒரு மேடு. சங்கிலி இழுத்து மேலே ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து ரயில் தானே தலைகுப்புறப் பாய்கிறது. 'நெஞ்சு பலமில்லாதவர்கள் ஏற வேண்டாம்' என்று போர்டு. அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது.

முந்தாநாள் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ரயில் மேட்டிலிருந்து பாய்ந்தபோது என் காலடியில் வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒரு அதிர்வு. அப்போதுதான் நாம் மூடிய பழைய கிணறு நினைவுக்கு வந்தது. மேற்குமூலையில் என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்? வரப்பை மாற்றிவிட்டோம். அடையாளத்துக்கு நின்ற பனையும் காற்றில் சாய்ந்துவிட்டது. கிணறு எங்கே, ராமாத்தா? உனக்குத்தான் தெரியும். நீதான் இல்லை.

நோம்பிக்குப் பிறந்த வீடு வந்திருக்கும் நம் செல்வி, முதல் ரயிலில் முதல் பெட்டி தனக்குத்தான் என்று சொல்லிவைத்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொருட்காட்சி முதலாளியிடம் போய், மண் தாங்காது என்று சொன்னேன்.

"ஏனுங்க பெரியவரே, நாங்க நடாத ஊராங்க? உங்கூரு மண்ணு மட்டும் வேற மண்ணுங்களா?" என்று சிரித்தார்.

"மண்ணு ஒண்ணுதானுங்க. எங்கூர்ல அதுக்கடியில கெணறு இருக்குதுங்க."

"எங்கிருக்குதுன்னு காட்டுங்க. இப்பவே மாத்தி நட்டுப்போடறனுங்க."

எதைக் காட்டுவேன்? வயல் முழுக்க விரலை நீட்டினேன்.

நேற்று விடிந்ததும் கடப்பாரையோடு இறங்கினேன். அங்கே குத்தினேன், இங்கே குத்தினேன். எங்கும் கட்டாந்தரை. கூடாரத்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "பெருசு புதையல் தேடுதுடோய்!" என்று ஒருவன் கத்தினான். செல்வி ஓடிவந்தாள். "அப்பா, வெயில்ல மயங்கி உழுந்தீங்கன்னா நா என்னங்க பண்ணுவேன்? அந்த ரயிலே வேண்டாங்கப்பா, ஊட்டுக்கு வாங்க."

அவள் ஏறாவிட்டால் போதுமா? மற்ற வீட்டுப் பெண்கள் ஏறுவார்களே?

"உங்கம்மா மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே ஆடிப் பதினெட்டு ஞாபகம் வந்தது. நாற்று நட்ட சேற்றில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ இறங்குவாய். மஞ்சளும் பச்சைக் கண்ணாடி வளையலும் கிணறு இருந்த இடத்துச் சேற்றில் அழுத்திவிட்டு வருவாய். "மூடின கெணத்துக்கு எதுக்குடி வளையலு?" என்று நான் கேலி செய்வேன். "மூடிப்போட்டா தண்ணி செத்துப்போகுமுங்களா?" என்று வெடுக்கென்று கேட்பாய்.

கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்வெட்டி எடுத்தேன். இனித் தேட வேண்டியது கிணற்றை அல்ல, வளையலை. நானும் செல்வியும் வரப்பிலிருந்து மேல்மண்ணைச் சீவிக்கொண்டே வந்தோம். பெரிய மேட்டைத் தாங்கும் காலுக்குப் பக்கத்தில் செல்வி சட்டென்று உட்கார்ந்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு பச்சைச் சில்லு. கிளறக் கிளற இன்னும் சில்லுகள்.

"அம்மா போட்டதுங்கப்பா," என்றாள்.

முதலாளி வந்தார். சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடப்பாரையை வாங்கி அந்த இடத்தில் ஓங்கிக் குத்தினார். வெண்ணெயில் இறங்கியதுபோல் அவர் பிடித்திருந்த கை வரை இறங்கிவிட்டது. "கழட்டுங்கடா," என்று மட்டும் சொன்னார்.

ராவோடு ராவாக ரயிலைக் களத்துமேட்டுக் கட்டாந்தரையில் மாற்றி நட்டுவிட்டார்கள். ஒவ்வொரு காலடியிலும் நானே குத்திப் பார்த்தேன். கடப்பாரை இறங்கவில்லை. இருந்தும் மனசு ஆறவில்லையே, ஏன்? நம் தாத்தா காலத்தில் அங்கே ஏதாவது தோண்டியிருப்பார்களோ? நீ ஏதாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

இன்று சாயங்காலம் ரயில் ஓடும். இடம் மாறியதும் செல்வி மறுபடி முதல் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள், விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதனால் அவள் பக்கத்தில் நானும் ஏறப்போகிறேன். நெஞ்சு பலமில்லாதவன்தான். போர்டைப் படிக்கத் தெரியாதவன்போல் ஏறிவிடுவேன். உன் வளையல் சில்லு ஒன்று மடியில் இருக்கிறது.

வரும் ஆடிப் பதினெட்டுக்குச் சேற்றில் நானே இறங்கி வளையல் போடுவேன். கேலி செய்ய மாட்டேன். அந்த உச்சியிலிருந்து நம் வயல் எப்படித் தெரிந்தது என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

செல்வியின் அப்பனும்
உன் வீட்டுக்காரனுமான
ஆறுச்சாமி