இரண்டு பிளக்கிலும் பொறி இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் மனைவியும் குழந்தையும் சௌகரியம்தானே? இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. சின்னவளுக்குப் பல் ஆடுகிறது, அதை அவள் ஆட்டிக் காட்டாத ஆள் இந்தத் தெருவில் பாக்கி இல்லை. எனக்குத்தான் எதிலும் அலுப்பாக இருக்கிறது.

படகு எஞ்சினுக்கு நீ எழுதிய வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாயிற்று. உன் அண்ணன் பிளக்குகளைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டி நான் பிடித்துக்கொள்ள, அவர் கயிற்றை இழுத்தார். இரண்டிலும் பொறி இல்லை. புதுப் பிளக் போட்டும் இல்லை. மெக்கானிக் வந்து ஃப்ளைவீல் சக்கரத்தைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்தார். கடைசியில், பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் சுருள் போயிருக்கும், இந்தப் பழைய மாடலுக்கு இப்போது கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

உன் அண்ணன் காலையில் எழுந்ததும் கரைக்குப் போய்விடுகிறார். மூடியைத் திறந்து, சட்டை நனையும் வரை கயிற்றை இழுத்துவிட்டு வந்து, "இன்னைக்கும் வரல" என்கிறார். ஐஸ் கம்பெனியில் எடை போட ஆள் வேண்டுமென்று முதலாளியே வீடு தேடி வந்து கேட்டார். எஞ்சின் சரியானதும் படகுக்குப் போகணும், எப்படி ஒத்துக்கொள்வது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டை இப்போது என் தையல் மெஷின்தான் இழுக்கிறது. என் கழுத்தும் அதோடு சேர்ந்து கிறீச்சிடுகிறது.

எஞ்சின் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் காற்று மழையில் படகுக் கூட்டாளி கடலில் விழுந்ததையும், உன் அண்ணன் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டதையும் முன்பே எழுதியிருந்தேன். பிழைத்தவர் வேறு படகில் போய்க்கொண்டு, கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். காப்பாற்றியவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. குளிக்கும்போது சோப்பு எரிந்தாலும் கண்ணை மூடுவதில்லை. நானும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன கடிதத்தில், இரண்டு காயில் சுருளும் ஒரே நாளில் போகாது, எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சின் வயர் எங்காவது இரும்பில் தொட்டுக்கொண்டிருக்கும், தொட்டால் பொறி வராது, அதை எடுத்துவிட்டு இழுத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய். அவருக்குப் படித்துக் காட்டினேன். அதெல்லாம் பார்த்தாச்சு என்று எழுந்து போய்விட்டார்.

அவர் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தபோது நானே கரைக்குப் போனேன். அந்த வயர் தானாகத் தொட்டிருக்கவில்லை, தம்பி. அடியில், மெக்கானிக் கை போகாத இடத்தில், தோலைக் கத்தியால் சீவி, செம்பை ஒரு போல்ட்டுக்குக் கீழே கொடுத்து இறுக்கியிருந்தது. மேலே கறுப்பு டேப் இரண்டு சுற்று, பிரிக்கத் தோதாக நுனி மடித்திருந்தது. எங்கள் அயர்ன்பாக்ஸ் வயரிலும் உன் அண்ணன் அப்படித்தான் மடித்து ஒட்டியிருக்கிறார். வயரை எடுத்துவிட்டு, கழற்றிய பிளக்கை எஞ்சின் மேல் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தேன். பிளக்கில் நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தது.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. என்னையும் கூட நிற்க வைத்து இத்தனை நாடகமா என்று இருந்தது. பிறகு படகிலேயே உட்கார்ந்து அழுதேன். பயமாக இருக்கிறது என்று என்னிடம்கூடச் சொல்ல முடியாமல்தானே மனுஷன் தினமும் போய் அந்தக் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறார். வயரைப் பழையபடி வைத்து போல்ட்டை இறுக்கினேன். டேப்பை இரண்டு சுற்று சுற்றி நுனியை மடித்துவிட்டு வந்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

லீவு போட்டு ஒரு நடை வந்துவிட்டுப் போ. கூட்டாளியும் நாலு பேரும் இருக்கும்போது எஞ்சினைத் திறந்து பார்த்து, இது இனி தேறாது, பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிடு. எஞ்சின் விஷயத்தில் உன் பேச்சுக்கு இங்கே மறுபேச்சு கிடையாது. அப்புறம் ஐஸ் கம்பெனிக்கு அவர் தலைநிமிர்ந்து போவார். உனக்குத் தெரியாத எஞ்சின் இல்லை என்று பீற்றிக்கொள்வாயே, எங்களுக்காக ஒரு நாள் தெரியாதவனாக இருந்துவிட்டுப் போ. பொய் சொன்ன பாவம் என் தலையோடு போகட்டும்.

பதிலை அவரும் படிப்பார். அதனால் வருகிற தேதியை மட்டும் எழுது.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வந்து நன்றாகத் தேடு, தம்பி. எல்லோரும் பார்க்கத் தேடு. அந்த வயரை மட்டும் கண்டுபிடித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணி