பென், ஸென், ஓ: சம்பந்தி அம்மாவுக்கு

பேத்தி நேற்று பாரிஸிலிருந்து வந்தாள். அவள் பெட்டியைத் திறந்ததும் வீடெல்லாம் எலுமிச்சை வாசனை. துணிகளுக்கு நடுவே ஒடிகொலோன் புட்டியின் மூடி தளர்ந்து கசிந்திருந்தது. "துருக்கி ஆயா வீட்ல இருந்தது, ஒங்களுக்குன்னு எடுத்தாந்தேன்" என்றாள். நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி மாசி மாதமே எனக்கு வந்துவிட்டது. ஆனால் அழுகை இந்த வாசனையில்தான் வந்தது.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையில் என் மகன் பாரிஸ் போனான். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே தையல் பட்டறையில் கூட வேலை பார்த்த உங்கள் மகள் எலிஃபைக் கட்டிக்கொண்டான். பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும், கொஞ்ச காலம் இரண்டு பாட்டிகளில் ஏதாவது ஓர் ஆயாவிடம் குழந்தையை விடலாம் என்று பேச்சு. எந்த ஆயா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்க்கத்தான் எலிஃபோடும் கைக்குழந்தையோடும் நீங்கள் புதுச்சேரிக்கு வந்தீர்கள். நான் அதற்குள் ஏணை கட்டித் தயாராக இருந்தேன். நீங்களோ உங்கள் ஊர் அதானாவுக்குத் தூக்கிப் போகவே வந்திருக்கிறீர்கள் என்று எனக்குள் ஒரே பயம்.

வந்து உட்கார்ந்ததும் நீங்கள் செய்த முதல் காரியம், புட்டியைத் திறந்து என் உள்ளங்கையில் ஒடிகொலோன் ஊற்றியது. ஒருவரைப் பார்த்ததும் கையில் தேய்த்துக்கொள்ள அதைத் தருவது உங்கள் ஊர் வழக்கமாம். எங்களுக்கோ காய்ச்சல் வந்தால்தான் ஒடிகொலோன். துணியை நனைத்து நெற்றியில் போடுவோம். அதனால் நான் அதை நெற்றியில் தடவிக்கொண்டேன். உங்களைப் பார்க்க வந்திருந்த தெருப் பெண்களும் வரிசையாகத் தடவிக்கொண்டார்கள். ஊருக்கே காய்ச்சலா என்பதுபோல் நீங்கள் பார்த்தீர்கள். என்னோடு நூல் மில்லில் வேலை செய்த தனம் என் காதில், "ஒன் சம்பந்தி நர்சாடி?" என்றாள்.

பேச ஒரு வார்த்தை கிடையாது. எலிஃப் அரைகுறைத் தமிழில், "மொதல்ல ஆளைச் சொல்லக் கத்துக்கோங்க அத்தை, அப்பறம் ஆள் செய்யற வேலையைச் சொல்லக் கத்துக்கலாம்" என்று நம் இருவரையும் அடுக்களையில் உட்கார வைத்தாள். பென் என்றால் நான், ஸென் என்றால் நீ, பிஸ் என்றால் நாம். பெரியவர்களை ஸிஸ் என்று சொல்லவேண்டும். அவன், அவள், அது மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓ. நீங்களும் நான், நீ, அவ என்று திருப்பிச் சொல்லிப் பழகினீர்கள்.

"அவளுக்கும் ஓ, எருமைக்கும் ஓவா?" என்று தனம் கேட்டாள்.

"ஆமாடி. ஒனக்கும் அதே ஓ தான்" என்றேன்.

"அப்போ வீட்டுக்காரரை?"

"அவருக்கும் ஓ. நமக்குத் தோதுதான், எப்படியும் பேரைச் சொல்றதில்ல."

நான் உங்களை ஸிஸ் என்று மரியாதையாகக் கூப்பிட, நீங்கள் என்னை ஸென் என்றே சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஒங்கம்மாவுக்கு நான் என்ன, வேலைக்காரியா?" என்று எலிஃபிடம் கேட்டேன். "இல்ல அத்தை, கூடப் பொறந்தவங்களையும் அப்படித்தான் கூப்புடுவாங்க" என்றாள். நான் நம்பவில்லை.

ஒரு மத்தியானம் குழந்தை ஏணையில் தூங்கியது, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அடுக்களை வாசலில் எலிஃப் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தனம் வந்தாள். குழந்தை விழித்துவிடக் கூடாது என்று நாங்கள் மில் பேச்சுக்குப் போனோம். மிஷின் ஓடும்போது மில்லில் காது கேட்காது. சத்தமே விடாமல் உதட்டாலும் கையாலும்தான் எல்லாக் கதையும் பேசுவோம். உங்களைக் கண்ணால் காட்டி, குழந்தையைத் தூக்குவதுபோல் கை வைத்து, ஏரோப்ளேன் பறக்க விட்டு, "கொண்டுபோயிடும் போல, நான் விடமாட்டேன்" என்று நெஞ்சில் அடித்துக் காட்டினேன்.

நீங்கள் எழுந்து எங்கள் எதிரில் வந்து நின்றீர்கள். இரண்டு விரல்களைச் சேர்த்து, அறுந்த நூலை ஒட்டி முறுக்கி முடிச்சுப் போடுவதுபோல் ஒரு முறை காட்டினீர்கள். அந்தக் கை ஓட்டம் மில்லில் நின்றவளுக்கு மட்டும்தான் வரும். தனம் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்களும் மில்காரி என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு நீங்களும் சத்தமில்லாமல் பேசினீர்கள். முதலில் உங்கள் நெஞ்சைத் தொட்டீர்கள். "பென்." புருவத்தைத் தூக்கி முகவாயை மேலே காட்டினீர்கள். உங்கள் ஊரில் அதுதான் இல்லை என்பது. அப்புறம் என்னைக் காட்டி, "ஸென்." அதற்கும் புருவம் மேலே போனது. கடைசியில் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உங்கள் மகளைக் காட்டி, "ஓ" என்று உதட்டைக் குவித்தீர்கள். பெற்றவளிடமே இருக்கட்டும் என்று எனக்குப் புரிந்தது. என் வாயும் முதல் தடவையாக உங்களை ஸென் என்றது.

குழந்தை எலிஃபோடே பாரிஸ் போனது. முதலில் நீங்கள் அங்கே போய் இருந்து வளர்த்தீர்கள், அப்புறம் நான் போனேன். நம் பேத்தி இன்று நான்கு பாஷை பேசுகிறாள். தெருவில் யார் கேட்டாலும் நான் அதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

அவள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "ஆயா, பொறந்ததும் கொழந்தைய இங்க ஒங்ககிட்ட விட்டுட்டுப் போவவா? அவரோட அம்மாவும் கேக்கறாங்க" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனாலும் விரலை முதலில் என் நெஞ்சுக்குத்தான் கொண்டுபோனேன். புருவத்தைத் தூக்கினேன். அவள் துருக்கிக்காரி மகள் அல்லவா, பிள்ளை பெற்றவளிடமே இருக்கட்டும் என்கிறேன் என்று உடனே புரிந்துகொண்டாள். அஞ்சாங்கிளாசோடு நின்ற எனக்கு அதற்கு மேல் கிடைத்த படிப்பு நீங்கள் கொடுத்த இதுதான்.

பிரசவத்துக்கு நானே அங்கே போகிறேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மகனிடம் சொல்லிவிட்டேன்.