அப்பாவுக்கு மூன்று சம்பளம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். நீ நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்காமல் ஒரு அம்மாவால் கடிதம் எழுத முடியுமா, நலமா? இருமல் விட்டதா? ஜன்னல் சரியாக மூடாத அந்த அறையை மாற்றிக் கொடுத்தார்களா, இல்லை, காலி பண்ணப் போகிறவளுக்கு எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டார்களா? காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பியதும் சமையல் மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி லாண்டரியில் நிற்க வேண்டியவள் வீட்டில் என்ன செய்கிறாள் என்று கேட்பாய், அதற்கும் வருகிறேன், முதலில் சொல்ல வேண்டியது வேறு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்று சொல்லி நீ போனை வைத்து மூன்று வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு மட்டும்தான் செய்தி அனுப்புகிறாய். அவர் படித்துவிட்டு "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இருபத்திமூன்று வருஷமாக அந்த மூஞ்சியோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நேற்று அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் படித்துவிட்டேன். உன் காலேஜின் நிதி உதவி ஆபீஸ் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறது, என் பெற்றோர் எனக்குத் தெரியாமல் பொய்யான வருமானச் சான்று கொடுத்தார்கள் என்று நீ அதில் கையெழுத்துப் போட்டால் முதல் வருஷ மார்க்கையாவது கொடுத்து அனுப்புவார்கள், போடாவிட்டால் மார்க்கும் கிடையாது, கொடுத்த உதவியையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு நீ அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய், "உங்களையும் அம்மாவையும் ஃபிராடுன்னு எழுதிக் குடுத்துட்டு அந்த மார்க்க வாங்கணுமாப்பா? போட மாட்டேன்." படித்துவிட்டுப் போனை அவர் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்தேன். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அது எப்படி நடந்தது என்று நீ இன்னும் முழுதாகக் கேட்கவில்லை, கேட்க விடாமல் போனை வைத்துவிட்டாய், இப்போது கேள்.

உன் கல்விக் கடனுக்காக அப்பா பேங்குக்குப் போனாரே, அப்போது லிஃப்ட் கம்பெனியில் வாங்கும் சம்பளத்தை உள்ளது உள்ளபடி எழுதித்தான் கொண்டுபோனார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தச் சம்பளத்துக்கு டிவி வாங்கக் கடன் குடுக்கலாம் சார், பொண்ணை வெளிநாட்டுல படிக்க வைக்கல்லாம் குடுக்க முடியாது, உங்க ஆபீஸ்ல சொல்லிக் கொஞ்சம் நல்லா எழுதி வாங்கிட்டு வாங்க" என்றிருக்கிறார். கம்பெனி குமாஸ்தா, அப்பாவோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிற மனுஷன்தான், "நெஜத்துல குடுக்க மாட்டாங்க, எழுத்துலயாவது மேனேஜரா இருந்துட்டுப் போ" என்று சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார். கடன் வந்தது. அது பாதிக்குத்தான் போதும். மீதிக்கு உன் காலேஜின் உதவித்தொகை. வெளிநாட்டுக் காலேஜில் சேர்த்துவிடுகிற அந்த ஆலோசனை மையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த பெண் அப்பாவின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, "ஓவர்டைமோட சேத்து இவ்ளோன்னு போட்டா உங்க பொண்ணு ஏழைல வராது அங்கிள், குறைச்சு வாங்கிட்டு வாங்க" என்றாளாம். மறுபடி குமாஸ்தா. "ஏம்ப்பா, போன மாசம்தான் ஒன்ன மேல தூக்கி விட்டேன், அதுக்குள்ள கீழ எறக்கச் சொல்ற, நீ லிஃப்ட் ரிப்பேர் பண்றியா, இல்ல நீயே லிஃப்ட்டா" என்று கேட்டாராம். இதையெல்லாம் அப்பா எனக்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் சொன்னார். முன்பே சொன்னால் நான் சண்டை போடுவேன் என்று மறைத்துவிட்டார், போட்டிருப்பேன், நிச்சயம் போட்டிருப்பேன். ஆனால் கடைசியில் அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை, "நான் நெஜமா வாங்கற சம்பளத்துக்கு எந்த மேசையிலயும் எடமில்லடி, ஒருத்தனுக்குக் கம்மி, இன்னொருத்தனுக்கு ஜாஸ்தி."

கடனுக்குக் கொடுத்ததன் நகலை அவர் அலமாரித் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் வைத்திருந்தார். உதவித்தொகைக்குக் கொடுத்தது உன் பச்சைக் கவரில் இருந்தது. இரண்டாம் வருஷ உதவிக்கு மறுபடி எல்லாம் அனுப்பச் சொல்கிறார்கள் என்று நீ போன் பண்ணிய அன்று அப்பா ஊரில் இல்லை, ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் வேலை, உள்ளே போன் எடுக்காது. "பச்சைக் கவர்ல இருக்கறத அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்பும்மா, இன்னிக்குக் கடைசி நாள்" என்றாய். அப்படியே என்றுதான் சொன்னாய், என் காதில் விழுந்தது, நான்தான் அப்படியே செய்யவில்லை. அந்த மெயிலை நீ படித்துக் காட்டினாயே, வருமானம் சம்பந்தமான ஆவணங்கள் அனைத்தும் என்று, அந்த அனைத்தும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். என் வேலை உனக்குத் தெரியும். வார்டிலிருந்து இறங்கிய விரிப்பு, உறை, அங்கி எல்லாவற்றையும் துவைத்து மடித்து ஒரே மூட்டையாகக் கட்டி மேலே வார்டு சீட்டைச் செருக வேண்டும், ஒரு தலையணை உறை குறைந்தாலும் மூட்டை முழுதும் திரும்பி வரும், அன்றைய கூலியில் கை வைப்பார்கள். பத்தொன்பது வருஷம் அதையே செய்த கை. கவரைத் திறந்தேன், அப்பாவின் சான்று ஒன்றுதான் இருந்தது. ஆபீஸில் இரண்டு முறை சான்று வாங்கினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும், இன்னொன்று எங்கே என்று தேடினேன். பெட்டி, பை, பழைய சட்டைகள், கடைசியில் அலமாரித் தட்டை இழுத்துப் பார்த்தால் காகிதத்துக்கு அடியில் இருக்கிறது. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? நல்லவேளை கிடைத்தது, இல்லாவிட்டால் ஒன்று குறைந்தது என்று என் பிள்ளையின் மூட்டை திரும்பி வந்திருக்குமே என்று நினைத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

ஜெராக்ஸ் கடைக்காரன் சின்னப் பையன் இல்லை, விவரமானவன், "ரெண்டுலயும் சம்பளம் வேற வேறயா இருக்கேக்கா, ரெண்டையும் அனுப்பவா?" என்று கேட்டான். இரண்டு எண்ணையும் நானும் பார்த்தேன். ஒன்று ஓவர்டைம் சேர்த்தது, இன்னொன்று சேர்க்காதது என்று என் மூளைக்குத் தோன்றியது. "எல்லாத்தையும் போடு தம்பி, ஒண்ணு குறைஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றேன். அவன் போட்டான். வீட்டுக்கு வரும் வழியில் உனக்கு அனுப்பியாச்சு என்று சொன்னபோது என் குரலில் எவ்வளவு பெருமை இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தானே உன் உதவியை நிறுத்தி உன்னையும் வெளியே போகச் சொன்னார்கள், பாப்பா. பொய் சொன்னது அப்பா, பொய் சொல்லச் சொன்னது அவர்கள், அதைக் கையில் கொண்டுபோய்க் காட்டியது நான்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பேங்குக்குப் போனேன். மேனேஜர் எதிரில் உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே கேட்டேன், கூட்டி எழுதி வரச் சொன்னது நீங்கள்தானே, அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், என் பெண்ணின் படிப்பு போகிறது என்று. "நாங்க அப்படிச் சொல்லவே மாட்டோமேம்மா, உங்க வீட்டுக்காரர் குடுத்ததை நம்பித்தான் கடன் குடுத்தோம், சொல்லப்போனா ஏமாந்தது நாங்கதான்" என்றார். கூடவே, படிப்பு நின்றாலும் தவணை நிற்காது என்று ஞாபகப்படுத்தினார், டீ குடித்துக்கொண்டே. அங்கிருந்து ஆலோசனை மையத்துக்குப் போனேன். வாசலில் உன் படம். ஆளுயரத்துக்கு. அந்த நீலச் சட்டை, என் கையால் இஸ்திரி போட்டது, கீழே முழு உதவித்தொகை பெற்ற மாணவி என்று எழுதியிருக்கிறது. முழு உதவி எங்கே வந்தது? பாதிதானே, அதுவும் இப்போது இல்லையே என்றேன். கண்ணாடி அறைப் பெண் எழுந்துகூட வரவில்லை, "அவ போனது போனதுதானே ஆன்ட்டி, அதுல பொய் என்ன இருக்கு, உங்களுக்குப் பெருமைதானே" என்றாள். படத்தை எடுங்கள் என்றேன். அடுத்த சீசனுக்கு மாற்றுவார்களாம். அவளுக்கு எதிரே ஒரு அப்பாவும் அம்மாவும் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள், அந்த மனுஷன் மடியில் ஒரு கவர். உன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், கொடுத்து வைத்தவள் என்கிற மாதிரி.

இப்போது லாண்டரி விஷயம். போன மாதம் பதினெட்டுப் பேரையும் நிறுத்திவிட்டார்கள். துணி வெளுக்கும் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம், லாரி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. கடைசி நாளன்று நாங்கள் கட்டி வைத்த மூட்டைகளை அந்த லாரிக்காரர்கள் எங்கள் கண் முன்னால் அவிழ்த்துக் கொட்டி மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள், சீட்டையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு. ஒன்று குறைந்தால் கேட்க ஆளில்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அப்பாவைத் தடுத்தேன். அவருக்கும் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். இதைக் கேள், சிரிப்பு வந்தால் சிரி. போன வாரம் குமாஸ்தாவிடம் நானே போனேன். இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதிக் கொடுங்கள் என்றேன். "இப்படி யாரும் வந்து கேட்டதில்லையேம்மா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக் கொடுத்தார். என்னை நிறுத்திய கடிதத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நம் வருமானம் உன் காலேஜ் கேட்கிற வரம்புக்கு நன்றாகக் கீழே வருகிறது. அப்போது பொய்யாக எழுதினோமே, அதற்கும் கீழே. பொய் சொல்லாமலே தகுதி வந்துவிட்டது. அதையும் அனுப்பினோம், அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஒரே வரியில் பதில் வந்தது, ஒரே குடும்பத்திலிருந்து வரும் மூன்றாவது சான்றைப் பரிசீலிக்க இயலாது. ஏழையாக நடித்தபோது நம்பினார்கள், ஏழை ஆன பிறகு நம்பவில்லை. பேங்கும் நம்பாது, அதற்கு நாம் இன்னும் மேனேஜர் வீடுதான்.

ஆகவே பாப்பா, இனி ஏதாவது வழி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்த கதவையெல்லாம் தட்டிவிட்டேன். நீ அங்கேயே சாப்பாட்டுக் கடையில் கணக்கில் வராத கூலிக்குப் பாத்திரம் கழுவிச் சமாளிக்கலாம் என்று அப்பாவுக்கு எழுதியதையும் பார்த்தேன், வேண்டாம், பிடித்தால் அதற்கும் ஒரு காகிதம் நீட்டுவார்கள். வரும்போது போர்வையெல்லாம் சுமக்காதே, அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு. உடம்பு முக்கியம், வேளைக்குச் சாப்பிடு, காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே. கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே ஒத்திகை பார்க்காதே, கேட்கிறவர்களுக்கு நான் இருக்கிறேன்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு. இதுதான் நான் சொல்ல வந்தது. எங்களைப் பொய்யர்கள் என்று எழுதியிருக்கிறதா, எழுதியிருக்கட்டும், பொய் சொன்னோம்தானே. அப்பா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போடச் சொல், அனுப்பியது நான். பெற்றவர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நீ அழுதால் அது வீண் அழுகை, ஒரு வருஷம் முழுதும் நீ கண் விழித்துப் படித்த மார்க் அது, அது ஒன்றுதான் இந்த வீட்டில் யாரும் கூட்டியோ குறைத்தோ எழுதாத எண். அதை அவர்களிடம் விட்டுவிட்டு வராதே. பேங்க் சொன்னது, மையம் சொன்னது எல்லாவற்றையும் விளக்கி ஒரு கடிதம் எழுதி அதோடு வைக்கப் போவதாக அப்பாவிடம் சொன்னாயாமே, வைக்காதே. நம் நியாயம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த மேசையில் அது இன்னொரு சந்தேகக் காகிதம். உன் அம்மாவுக்குப் புத்தி வர இத்தனை நாள் ஆனது, உனக்கு இன்றைக்கே வரட்டும்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கண்ணு. யார் என்ன எழுதினாலும் நீ எங்களுக்குக் குறைந்தவள் இல்லை. அப்பா பேசமாட்டார், ஆனால் நீ வரும் நாளைக் கேட்டுச் சொல்லச் சொன்னார், லீவு போட வேண்டுமாம்.

மறக்காதே, கையெழுத்துப் போட்ட அந்த ஒரு காகிதத்தை மட்டும் கொடு. வேறு எதையும் சேர்க்காதே. இந்தக் கடிதத்தையும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா