பழசாக்கிய ஆறு துப்பாக்கிகள்

ஆவணி 6, செவ்வாய்

பழங்காலப் போரை நடித்துக் காட்டும் விழாவுக்காக ஆறு மாதிரித் துப்பாக்கிகள் செய்திருந்தேன். ஒத்திகைக்காக ஒன்றைத் தங்கச்சி புருஷன் செல்வம் காலையில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்கு எடுத்துப் போனான். படகுத்துறைச் சோதனையில் சாக்கைப் பிரித்துப் பார்த்து, ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

தகவல் வந்ததும் ஓடினேன். "ஐயா, இது வெறும் தண்ணிக் குழாய். சுடவே சுடாது. போன வாரம்தான் நான் செஞ்சேன்" என்று பர்மியில் கெஞ்சினேன். அதிகாரி துப்பாக்கியின் பிடிக்கட்டையைத் தடவிப் பார்த்தார். பல கை பட்டுத் தேய்ந்ததுபோல் இருக்க, அந்த இடத்தை மூன்று நாள் தேய்த்திருந்தேன். குழாயில் இருந்தது உப்பும் வினிகரும் பூசி வரவழைத்த துரு.

"இது நூறு வருஷத்துச் சாமான். எங்கே தோண்டி எடுத்தீங்க?" என்றார்.

பழசாக்காத ஒன்றைக் காட்டினால் நம்புவார் என்று, பட்டறை இருக்கும் இன்சீனுக்குத் திரும்பி ஓடி வந்தேன். பட்டறையில் மற்ற ஐந்தும் சுவரில் சாய்ந்திருந்தன. ஒன்றில்கூடப் புது இரும்பு தெரியவில்லை. நேற்றே எல்லாவற்றையும் முடித்துவிட்டது பதற்றத்தில் மறந்துபோயிருந்தது.

"அவரு எங்கேண்ணே?" என்று தங்கச்சி கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் பளபளப்பாவே இருக்கட்டும் மச்சான், அழகா இருக்கு" என்று நேற்று செல்வம் சொன்னான். அதையும் பிடுங்கித்தான் துருவேற்றினேன்.