கவ்வாத்து வக்கீல்

இன்று காலை விறகடுப்பில் மிலாறு வைத்தேன். மருமகள் வாங்கிய கேஸ் அடுப்பு பளபளவென்று மேடையில் இருக்கிறது. ஆனாலும் மேல் மலையில் கவ்வாத்து முடிந்து, முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்த தேயிலைக் குச்சிகளை லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வரும்போது, நான் மட்டும் கையை வீசிக்கொண்டு வர மனம் கேட்கவில்லை. ஒரு கட்டு மிலாறு எடுத்து வந்தேன். பச்சை இன்னும் முழுதாகக் காயவில்லை. கண்ணைக் கரிக்கிற அந்தப் புகை வீடு நிறைந்ததும் உன்னைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

உனக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கொலைத் தொடரின் இரண்டாம் சீசனில் முதல் பகுதியைப் பார்த்துவிட்டோம்.

முதல் சீசனை எப்படிப் பார்த்தோம் என்று நினைவிருக்கிறதா? எட்டு ஞாயிறு, எங்கள் வீட்டு முன்னறையில். மகன் கொழும்பிலிருந்து வரும்போது கொண்டுவந்த வயரைச் செருகி, போனிலிருந்து டிவிக்குப் போடுவான். லயத்தில் பாதிப் பேர் வந்து உட்காருவார்கள். நீ கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் போஞ்சிக்காயைப் போட்டு நார் உரித்துக்கொண்டே பார்ப்பாய். கதாநாயகி அழுதால் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நீ அவளுக்குப் பின்னால் தெரிகிற மலையைப் பார்ப்பாய். இந்த மலையில் களை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும் என்பாய். கொழுந்துக் கூடையை இப்படி மாட்டினால் பத்து நிமிஷத்தில் கழுத்து போய்விடும் என்பாய். கொலைகாரன் யார் என்று நாங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது உனக்கு உரம் போடாத தேயிலைதான் பெரிய குற்றம்.

கதை தமிழ்நாட்டுப் பக்கத்து ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை ஓடையில் செத்துக் கிடக்கிறார். கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணைப் பிடித்துப் போகிறார்கள். கடைசிப் பகுதியில் ஒரு கங்காணி வந்து சாட்சி சொல்கிறான். அன்று விடியற்காலையில் ஓடைக்கு மேலே உள்ள மலையில் ஆட்களை வைத்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தானாம், அந்தப் பெண் கீழே இருந்து ஓடி வந்ததைக் கண்ணால் பார்த்தானாம். அவன் சொல்லச் சொல்ல அந்த மலையைக் காட்டினார்கள். நீ போஞ்சிக்காயைக் கீழே வைத்துவிட்டு என் மகனிடம் நிறுத்தச் சொன்னாய்.

"அந்த மலையப் பாருங்க. கவ்வாத்து வெட்டிக் கெடக்கு. வெறும் குச்சியில எங்கேர்ந்து கொழுந்து எடுத்தான்? இவன் பொய் சொல்றான்."

வீடே சிரித்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்கார சுரேஷ், படம் பிடிக்க எந்த மலையில் அனுமதி கிடைத்ததோ அங்கே பிடித்திருப்பார்கள், அதைப் போய்த் துப்பு என்கிறீர்களே அக்கா என்றான். கங்காணி முழு வருஷச் சம்பளமும் அந்தக் குச்சியில்தான் வாங்கினான் என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, படம் எடுக்கிறவர்களுக்குக் கவ்வாத்து தெரியுமா கத்தரிக்காய் தெரியுமா, விடு புள்ள என்று வாயையும் கொடுத்தேன்.

நீ என் பக்கம் திரும்பினாய். "நீயுமா புள்ள சிரிக்கிற?"

அவ்வளவுதான் கேட்டாய். மீதிப் போஞ்சிக்காயை அள்ளிக்கொண்டு போய்விட்டாய். மறுநாளிலிருந்து கொழுந்து நிறுக்கிற இடத்தில் உனக்குக் 'கவ்வாத்து வக்கீல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீ கோபித்துக்கொள்ளவில்லை. ரெண்டாவது வரட்டும், அப்பத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நிறுவைக்குக் கூடையைத் தூக்கி வைப்பாய்.

இரண்டாவது வருவதற்குள் நீ போய்விட்டாய். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ வேறொன்று சொன்னாய். "நான் இல்லாட்டி நீ பாத்துட்டுச் சொல்லு புள்ள. அந்தப் பொண்ண விட்டாங்களான்னு." கிறுக்கி, இந்த நிலைமையிலும் நாடகமா என்று உன்னைத் திட்டினேன். நீயே பார்ப்பாய் என்றேன். நான்கு நாள் கழித்து உன்னைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் கிடத்தினார்கள்.

நீ கேட்டது நாடகத்தைப் பற்றி அல்ல என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். முப்பது வருஷமாக அதில் எனக்கு நல்ல பழக்கம்.

உடப்புசல்லாவையில் நமக்குப் பத்தொன்பது வயது. துரை பங்களாவில் கைக்கடிகாரம் காணாமல் போனது. நான்தான் எடுத்தேன் என்றான் நம் கங்காணி. ஏன் என்னைச் சொன்னான் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் கூப்பிட்ட இடத்துக்கு நான் போகவில்லை. காலைப் பெரட்டில் எல்லாரும் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, புதிதாக வந்த சின்னத்துரை முன்னால் என்னை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்க ஆட்களை விட்டிருந்தேன், அங்கிருந்து பார்த்தேன், இவள் பங்களாவின் பின்பக்கமாக ஓடினாள் என்றான் கங்காணி. வருஷக்கணக்காக அந்த மலையில் நின்று பழகியவன், வாய்ப் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டான். ஏழாம் நம்பர் அப்போது கவ்வாத்தில் இருந்தது. அங்கே நின்ற நூறு பேருக்கும் அது தெரியும். முந்தின நாள்வரை அந்த மலையிலிருந்து மிலாறு சுமந்து வந்தவர்கள் அவர்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. என் அப்பாவும் தூக்கவில்லை.

நீ வரிசையை விட்டு வெளியே வந்தாய். "ஐயா, ஏழாம் நம்பர்ல போன மாசமே கவ்வாத்து வெட்டிட்டாங்க. செவ்வாக்கெழம அங்க யாரு கொழுந்து எடுத்தாங்கன்னு கேளுங்க."

சின்னத்துரை கேட்டார். கங்காணியால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. என்னை விட்டார்கள். உனக்கு அதற்குப் பிறகு ஒரு வருஷம் கங்காணி தோட்டத்திலேயே செங்குத்தான மலையாகப் பார்த்துக் கொடுத்தான். கடிகாரம் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு நீ கல்யாணமாகி டிக்கோயாப் பக்கம் வந்தாய். இரண்டு வருஷத்தில் நானும் இதே தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த அன்றே உன்னிடம் ஒன்று கேட்டேன். களவுப் பட்டம் கட்டி நிறுத்திய கதை இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். சரி புள்ள என்றாய்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். கூட்டம் போன தடவையைவிட அதிகம். உன் மகள் செல்வி வந்து உன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தொடங்கிய ஐந்து நிமிஷத்துக்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு நன்றாக இல்லை. கதாநாயகி பூசினாற்போல் ஆகிவிட்டாள். முதல் சீசன் போல விறுவிறுப்பு இல்லை, சவ்வு மாதிரி இழுக்கிறார்கள். இன்ஸ்பெக்டர்தான் கொலைகாரன், அவன் முழியே சரியில்லை என்றார் முனியம்மா அக்கா. மருமகள் ஒரு கையில் தன் போனை வைத்துக்கொண்டு, உலகம் முழுக்க உள்ளவர்கள் அதற்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். அவர்களும் இதையேதான் எழுதியிருந்தார்கள்.

நீதிமன்றக் காட்சி வந்தது. அதே கங்காணி கூண்டில் ஏறினான். அதே சாட்சி. மறுபடி அந்த மலையைக் காட்டினார்கள்.

"வக்கீலம்மா இருந்திருந்தா இப்ப எந்திரிச்சிருக்கும்," என்றான் சுரேஷ். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாசத்தில்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். செல்வியும் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் சிரித்தாள். அவள் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். மகனிடம் நிறுத்தச் சொன்னேன்.  பத்தொன்பது வயதில் என்னைக் கள்ளி என்று பெரட்டில் நிறுத்தினார்கள் என்று ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மகனும் மருமகளும் முதல்முறையாகக் கேட்கிறார்கள். கங்காணி சொன்ன பொய்யையும், நூறு பேர் வாய் மூடி நின்றதையும், நீ வரிசையை விட்டு வெளியே வந்ததையும் சொன்னேன். அவள் நாடகம் பார்த்து உளறவில்லை, அவள் அந்தப் பொய்யை நேரில் கேட்டவள், அன்று உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன் என்றேன்.

 செல்விதான் கேட்டாள். "அம்மா ஏன் சின்னம்மா இத எங்ககிட்ட சொல்லவே இல்ல? சொல்லியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்களே."

"நான் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்," என்றேன்.

சொல்லும்போதுதான் எனக்கே அது முழுதாக உறைத்தது. அன்று இதே அறையில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவளை இதே பொய்யிலிருந்துதான் நான் மீட்டேன் என்று என்னைக் காட்டியிருந்தால் வீடு வாயடைத்துப் போயிருக்கும். எனக்குக் கொடுத்த வாக்குக்காக அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, நீயுமா என்று மட்டும் கேட்டாய். சாகும்வரை ஊர் சிரிப்பை வாங்கிக்கொண்டாய். அழுதேன், புள்ள. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். வெட்கமாகவே இல்லை.

முனியம்மா அக்காதான் அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டார்கள். எல்லாரும் டிவிக்குக் கிட்ட நகர்ந்து உட்கார்ந்து, முகங்களை விட்டுவிட்டு மலையைப் பார்த்தார்கள். வெட்டித்தான் கிடக்கிறது என்றார் அக்கா. இந்தப் பக்கம் வெட்டி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றார் கவ்வாத்துக் கத்தி பிடித்த அவர் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு வீடு சந்தைக்கடைதான். அந்தப் பெண்ணின் வக்கீல் எழுந்தபோதெல்லாம் கேளுய்யா, அந்த மலையப் பத்திக் கேளு என்று சுரேஷ்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான். டிவியில் இருந்த வக்கீல் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை மறுபடி உள்ளே அனுப்பிவிட்டு, மழையைக் காட்டி முடித்துவிட்டார்கள்.

மருமகளிடம் எழுதச் சொன்னேன். கவ்வாத்து வெட்டிய மலையில் மூன்று நான்கு மாதத்துக்குக் கொழுந்து எடுக்க முடியாது, ஆகவே அந்தக் கங்காணி பொய் சொல்கிறார் என்று, என் சொந்தப் பெயரிலேயே போடச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பதில்கள் வந்துவிட்டன. கவ்வாத்து என்றால் என்ன, சாப்பிடுகிற பொருளா என்று ஒருவர். அம்மா, இது வெறும் கதை என்று ஒருவர். உடப்புசல்லாவையிலிருந்து ஒரு பெண், அவர் சொல்வது சரி, என் அப்பா இருபது வருஷம் கவ்வாத்து வெட்டியவர் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கினிகத்தேனையிலிருந்து ஒருவர், நானும் அதைத்தான் அப்போதே நினைத்தேன் என்று எழுதியிருந்தார். நினைத்தவர் அப்போதே சொல்லியிருக்கலாம். நான் அவரைக் குறை சொல்லத் தகுதியானவள் இல்லை.

ஆகவே உனக்கு என் பதில் இதுதான். அந்தப் பெண்ணை இன்னும் விடவில்லை. படம் எடுத்தவர் தெரிந்து அந்த மலையைக் காட்டினாரா, தெரியாமல் காட்டினாரா, அது எனக்குத் தெரியாது. கடைசிவரை அந்தத் தொடரில் ஒருவரும் அதைக் கேட்காமலே போகலாம். போகட்டும். நீ சரியாகத்தான் பார்த்தாய். அதை இனி எந்த இடத்திலும் நின்று என்னால் சொல்ல முடியும்.

காலையில் மிலாறு புகையோடு தேநீர் குடித்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்காகப் பிள்ளை மடுவத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். சுரேஷ் பக்கத்தில் கொண்டுவந்து ஆட்டோவை நிறுத்தினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏறுங்க, வக்கீலம்மா," என்றான்.

ஏறிக்கொண்டேன்.