நாலாவது கயிறு

பிரிஞ்சாங்,
23.10.1983

அன்பு மகள் அம்சவல்லிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தும்மலும் இருமலுமாக இங்கே நன்றாகவே இருக்கிறோம். பினாங்கு வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. இங்கே மழை விட்டபாடில்லை, தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் சேலையைப் பிழிந்து காயப்போட ஒரு நாள் பூராவும் போய்விடுகிறது.

நீ செய்த விளையாட்டுப் பலகை வந்து சேர்ந்தது. கியா பார்மிலிருந்து பினாங்குக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போன ரெங்கசாமி திரும்பும்போது லோரியில் கொண்டுவந்து இறக்கினான். அடுப்பெரிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாயாமே, நல்ல பலகையை அடுப்பில் வைக்க எனக்கென்ன பைத்தியமா? நாலு மூலையிலும் நாலு கயிறு, நடுநடுவே ஓட்டைகள். நாலு பேர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துத் தூக்கி, கோலிக்குண்டு ஓட்டையில் விழாமல் நடுப்பள்ளத்துக்கு உருட்டிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதானே. இதையா உங்கள் காலேஜ் கண்காட்சியில் ஒருத்தர்கூடத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள்? டிசம்பர் கண்காட்சியிலும் இப்படியே ஆனால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அதை அப்பா திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

பலகை வந்தது ஆயுத பூசைக்கு முந்தின நாள். பூசையன்று அப்பா ஃபேக்டரியில் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்த கையோடு வந்து, வீட்டில் ஸ்பேனரையும் என் கொழுந்துக் கூடையையும் வைத்த இடத்தில் உன் பலகையையும் வைத்து நாலு மூலையிலும் குங்குமம் வைத்தார். மகள் செய்ததாயிற்றே. பூசை முடிந்த மறுநாள் லயத்து வீடுகளில் உள்ள ஆட்களை விளையாடக் கூப்பிட்டேன். வந்தார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். பக்கத்து வீட்டு மணியம்மா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சாமிக்கு வெச்ச பலகைலா, இதப் போயி எப்படி ஆட்டுறது என்று என்னையே கேட்டாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது அம்சு. கண்காட்சியில் வெள்ளைத் துணி விரித்து, மேடை போட்டு, மேலே விளக்குப் போட்டு வைத்தேன் என்று எழுதியிருந்தாயே, அங்கே நீயும் பூசைதான் போட்டாயோ?

நான் சும்மா விடுகிற ஆளா. குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பலகையை அப்பாவும் நானுமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் வெறுந்தரையில் போட்டோம். நிறுவை முடிந்த நேரம், மழை பிடித்துக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை. இந்தத் தடவை ஒருத்தரையும் கூப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தோம். இரண்டு பேர் தூக்கினால் என்ன ஆகும், குண்டு உருண்டு போய் ஓட்டையில் விழுந்து சாக்கடையில் தொலைந்தது. அப்பா ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ஒரு இரும்புக் குண்டைக் கொண்டுவந்து போட்டார். அது உருளும்போது கடகடவென்று ஒரு சத்தம், பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதுவும் விழுந்தது. புருசன் பொஞ்சாதிக்கு ஒரு குண்டு அடங்கல பாரு என்று சிரித்தார்கள். மணியம்மா அக்காவுக்குப் பொறுக்கவில்லை, ஒங்கள விட்டா விடிஞ்சிரும், குடு இங்க என்று மூன்றாவது கயிற்றைப் பிடித்தாள்.

நாலாவது மூலை தரையில் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றது யார் தெரியுமா, சாரதா. சாரதாவின் கோழி மணியம்மா அக்காவின் கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறியதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியுமே. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், குண்டுச் சத்தம் கேட்டால் மறுபடி பார்த்தாள். கடைசியில் என் கால் மேலயே விழுதுலா என்று முணுமுணுத்துக்கொண்டு கயிற்றை எடுத்துவிட்டாள். எடுத்தாலும் பேச மாட்டார்களாம். அந்த மூலையில நிக்கிறவங்கள எறக்கச் சொல்லு என்று மணியம்மா அக்கா என்னிடம் சொல்வாள், நான் அதைச் சாரதாவிடம் சொல்வதற்குள் குண்டு விழுந்துவிடும். ஒரு தடவை பள்ளத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது மணியம்மா அக்கா தன்னை மறந்து, ஏய் சாரதா, எறக்குடி என்று கத்திவிட்டாள். அவளும் இறக்கிவிட்டாள். குண்டு போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. கொட்டகையே கூச்சல் போட்டது. அடுத்த நிமிடம் முன்னே விழுந்ததெல்லாம் யாரால் என்று இரண்டு பேருக்கும் சண்டை, அப்புறம் இன்னொரு ஆட்டம் போலாம் என்றார்கள். மழை விட்டதை யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள் என்று ஒரு நாள் கங்காணி தங்கராஜு நாலைந்து ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துக் கொடுத்தார். அன்றைக்குக் குண்டு சுலபமாகப் போய்ச் சேர்ந்தது, ஆட்களும் சீக்கிரமே கலைந்து போய்விட்டார்கள். மறுநாள் மணியம்மா அக்காவே குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்தாள். விழுந்தால் கோபம் வருகிறது, விழாவிட்டால் பிடிக்கவில்லை, இது என்ன புத்தியோ. உன் வாத்தியாருக்குத் தெரிந்தால் கேட்டு எழுது.

வியாழக்கிழமை ரெங்கசாமி லோரியில் பலகை அங்கே வந்துவிடும். ஓரமெல்லாம் கைச்சேறும் தேயிலைக் கறையுமாக இருக்கிறது, அதைத் துடைத்துப் பெயிண்ட் அடித்துவிடாதே. இரும்புக் குண்டையும் மாற்றாதே. தீபாவளிக்குக் கட்டாயம் வா, உன் தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை நாளாயிற்று. நீ நல்லா இருப்பாய், எடுத்த காரியத்தை முடிப்பாய், மாரியாத்தா துணை இருப்பாள். டிசம்பருக்கு அப்பா இப்போதே லீவு கேட்டுவிட்டார், மணியம்மா அக்காவும் வருகிறாள். சாரதாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம், வீட்டையும் கோழியையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அங்கே நாங்கள் மூன்று பேர் மூன்று கயிற்றைத்தான் பிடிப்போம். நாலாவது, பார்க்க வருகிறவர்கள் காலடியில், தரையில் கிடக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நீ மட்டும் அதை எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
திலகம் நல்லுசாமி