கையில் எடுத்துப் பார்க்காத கார்டு

11 பிப்ரவரி 2001, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சைலஸ் என்னை ஓரமாக அழைத்தான். மகள் கரோலின் அமெரிக்காவுக்கான நர்ஸ் தேர்வு எழுதப் போகிறாள். ஜூலையில் எழுதித் தேறுபவர்களை பெங்களூர் ஏஜென்சி ஒன்று மொத்தமாக அனுப்பி வைக்கிறதாம். தேர்வுக் கட்டணத்தை கிரெடிட் கார்டில் கட்டினால் சுலபம். பணத்தை முன்கூட்டியே என்னிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான்.

"ஆண்டர்சன்பேட்டையில கார்டு வெச்சிகினு கீற பெரிய மனுசன் நீதாம்பா."

பெங்களூரில் எங்கள் பத்திரிகை அலுவலக வாசலில் மேஜை போட்டு ஆள் பிடித்தார்கள், வாங்கினேன். செலவழித்ததில் நூற்றுக்கு ஒரு ரூபாயை வங்கியே திருப்பித் தரும் கார்டு. "அப்போ என் பொண்ணு பரீட்சை எழுதினா உனக்கு லாபமா!" என்று சைலஸ் சிரித்தான். நானும் சிரித்தேன். இங்கே எந்தக் கடையிலும் அதைத் தேய்க்க இயந்திரம் கிடையாது. வந்த உறையிலேயே பீரோவில் கிடக்கிறது.

சைலஸ் இருபத்தாறு வருடமாக இங்குள்ள தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இஞ்சினை ஓட்டுகிறான். இந்த மாதத்தோடு சுரங்கம் மூடல். அந்த வீட்டுக்கு இனி வரவேண்டிய சம்பளம் கரோலினுடையதுதான்.

26 பிப்ரவரி, திங்கள்

சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதியில் யூனியன் கூட்டம், செய்திக்காகப் போயிருந்தேன். பேசியவர்கள் ஏழு பேர். கரோலின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். ஐந்து மணிக்குள் கூரியரில் சேர்க்க வேண்டுமாம். கார்டு எண்ணையும் அது காலாவதியாகும் மாதத்தையும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாசித்தேன். பதினாறு இலக்கங்களையும் அவளைத் திருப்பி வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன்.

"விசாவா, மாஸ்டரா அங்கிள்? கட்டத்துல டிக் போடணும்."

"விசா."

டிக் போட்டாள். கீழே, கார்டுக்காரர் கையெழுத்து என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

28 பிப்ரவரி, புதன்

சுரங்கம் மூடியாயிற்று. செய்தியைத் தொலைபேசியில் சொல்லி முடித்தேன். நீங்க குடுக்கற செய்தியில கை வைக்க ஒண்ணுமே இல்லை சார் என்று பெங்களூர் செய்தி டெஸ்கில் வாசு சொன்னான்.

9 ஏப்ரல், திங்கள்

கரோலினின் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கூடவே அச்சடித்த ஒரு தாள்: கார்டு எண்ணும் டிக் போட்ட கட்டமும் பொருந்தவில்லை, கட்டணம் எடுக்கப்படவில்லை. ஜூலைத் தேர்வுக்கான கடைசி நாள் போன மாதமே முடிந்துவிட்டது.

நான் போனபோது சைலஸ் கத்திக்கொண்டிருந்தான். "நாலு வருசம் நர்சிங் படிச்சவ. ரெண்டு கட்டத்துல ஒண்ணு பாத்து போட தெரில!"

"அவசரத்துல நான்தான் கட்டம் மாத்திட்டேன் போல, அங்கிள். சாரி," என்றாள் கரோலின். கண்கள் வீங்கியிருந்தன.

அவள் மாற்றவில்லை. நான் சொன்ன கட்டத்தில்தான் போட்டிருக்கிறாள். திரும்பி வந்த விண்ணப்பம் என் கையிலேயே இருந்தது.

"பரவாயில்லம்மா" என்றேன்.

பரவாயில்லையாம். அவளை நான் மன்னிப்பது போல!

10 ஏப்ரல், செவ்வாய்

காலையில் பீரோவைத் திறந்து கார்டை எடுத்தேன். வலது கீழ் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்கள், சிவப்பும் மஞ்சளும். மாஸ்டர் கார்டு.

வாசுவை அழைத்துக் கேட்டேன். அவனிடம் இருப்பதும் அதே வங்கி, அதே நீலம்; அது விசா. "என்னுது சாதாரண கார்டு சார். காசு திரும்பி வர்ற கார்டை மாஸ்டர்லதான் குடுக்கறாங்க. நம்பரப் பாத்தாலே தெரியுமே! விசா நாலுல ஆரம்பிக்கும், மாஸ்டர் அஞ்சுல."

குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் இலக்கம் ஐந்து. என் கையெழுத்து.

எண்ணை எழுதிக்கொண்டேன், மாதத்தை எழுதிக்கொண்டேன். படத்தை யார் எழுதிக்கொள்வார்கள்? வாசுவின் கார்டைப் பார்த்த ஞாபகத்தில் என் கார்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வீடு சைக்கிளில் பத்து நிமிடம். அன்று மணி மூன்றுதான்.

13 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் சைலஸ் குடும்பம். கரோலின் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி செல்வமணியிடம் சொன்னேன். "இன்னும் சொல்லலியா நீங்க? திட்டுவாங்க, வாங்கிக்கங்க. அந்தப் பொண்ணு ஏன் வாங்கணும்?" என்றாள். ராத்திரி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நாளை போக வேண்டும்.

14 ஏப்ரல், சனி

போகவில்லை.

16 ஏப்ரல், திங்கள்

போனேன். கார்டு, குறிப்பேடு, சைலஸ் கொடுத்த பணம், மூன்றையும் மேஜைமேல் வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

சைலஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தப்பு எல்லாருக்கும் வரும்பா. நான் கேஜ் ஓட்டனவன், கீழேர்ந்து அடிக்கற மணி சத்தம் சந்தேகமா இருந்தா கேஜை நகத்த மாட்டேன், திரும்ப அடின்னுவேன். அத்த வுடு. ஒரு வாரமா இவளை நாய் மாதிரி திட்டிகினு கீறேன். உன் எதிர்லயே திட்டனேன். நீ இன்னா சொன்ன? பரவாயில்லன்னியே!"

கரோலின் எழுந்து, "காபி போடறேன்" என்றாள்.

"நீ உக்காரு," என்று சொல்லிவிட்டு சைலஸ் சமையலறைக்குள் போனான். அவன் காபி போட்டு நான் பார்த்ததில்லை. முதல் டம்ளரை மகள் கையில் கொடுத்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். எனக்கும் ஒன்று வந்தது, மேஜைமேல் வைத்தான்.

3 மே, வியாழன்

கரோலினுக்கு பெங்களூரில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை. விடியற்கால ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புகிறாள். ஏஜென்சி ஜூலையோடு பட்டியலை மூடுகிறதாம். நவம்பரில் எழுதினால் ஏஜென்சியில் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

11 ஜூலை, புதன்

இன்று அந்தத் தேர்வு. காலையில் ஸ்டேஷன் பக்கம் போயிருந்தேன், வேலை ஒன்றும் இல்லாமல். கரோலின் வெள்ளைச் சீருடையைப் பையில் திணித்துக்கொண்டு பெட்டியில் ஏறினாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

29 ஜூலை, ஞாயிறு

நவம்பர் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு நாள். கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைலஸ் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் கரோலின்.

"ஃபாரம் அனுப்பிட்டேன் அங்கிள், வியாழக்கிழமையே. எங்க டாக்டரம்மா கார்டுல."

நல்லது என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், அது எந்தக் கார்டு என்று கேட்டுவிட்டேன்.

"விசா அங்கிள். கையில வாங்கி பாத்துட்டுதான் டிக் போட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கொடியில் அடுத்த துணியைப் போட்டாள். உள்ளேயிருந்து சைலஸ், "யாரு, ஞானதாசா? உள்ள வரச் சொல்லு," என்றான்.